10 சனிக்கிழமைகள், 6,000 ரூபாய்: காத்ர் போர்னில் ஒரு மருத்துவச் சொல் வகுப்பு

மொரீசியஸ் தீவின் காத்ர் போர்ன் நகரில், மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் நடக்கும் மருத்துவச் சொல் வகுப்பில் கடந்த 10 வாரங்களாகச் சனிக்கிழமைக் காலைகளைக் கழித்தேன். உடலுறுப்புகளுக்கும் அவற்றின் நோய்களுக்கும் மருத்துவர்கள் வழங்கும் பெயர்களில் அடங்கியுள்ள கிரேக்க, இலத்தீன் வேர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த வகுப்பின் நோக்கம். கட்டணம் 6,000 ரூபாய். வாரத்துக்கு 2 மணி நேரம். 64 பக்கப் பாடப்புத்தகம் ஒன்றும், 120 சொல்லட்டைகள் கொண்ட பெட்டி ஒன்றும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். நடத்துபவர் ஓய்வுபெற்ற செவிலியர். அவர் தனியொருவராக நடத்துகிறார், நானோ குறைகளையும் சொல்லப்போகிறேன். ஆகவே அவர் பெயரையும் வகுப்பின் பெயரையும் எழுதவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் 6 வாரங்களுக்கு இந்தப் பணம் தகும், கடைசி 4 வாரங்களுக்குத் தகாது.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு அறுவை மருத்துவம் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த கடிதத்தில் 'லாப்ரோஸ்கோபிக் கோலிசிஸ்டெக்டமி' என்று எழுதியிருந்தது. நம் தீவில் மருத்துவமனையின் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியில் நடக்கும், எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும், தனியார் மருத்துவரிடம் போனால் இடையிடையே பிரெஞ்சும் வந்து சேரும். மூன்றும் தெரிந்த எங்கள் குடும்பத்தில் அந்த ஒரு வரியை உரக்கப் படிக்கக்கூட ஒருவராலும் இயலவில்லை. செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த என் அக்காள் மகள்தான், "சித்தி, இதற்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது, நானும் போக வேண்டும், துணைக்கு வாருங்கள்" என்றாள். துணைக்குப் போன எனக்கே அவளைவிட ஆர்வம் மிகுந்துவிட்டது.

முதல் வகுப்பிலேயே ஆசிரியை எழுதுபலகையில் எழுதியது, நல்வாய்ப்பாக, அந்த 'கோலிசிஸ்டெக்டமி' என்ற சொல்தான். சொல்லைப் பின்னாலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அவர் கற்பிக்கும் முறை. கடைசியில் நிற்கும் 'எக்டமி' என்பதற்குக் கிரேக்கத்தில் வெட்டி வெளியே எடுத்தல் என்று பொருள். அதற்கு முன்னுள்ள 'கிஸ்டிஸ்' என்பது பை. தொடக்கத்திலுள்ள 'கோலே' என்பது பித்தம். ஆகவே பித்தப்பையை வெட்டி எடுத்தல். முன்னால் வந்த 'லாப்ரோஸ்கோபிக்' என்ற அடைமொழியில் 'லாபரா' என்பது விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட மெல்லிய வயிற்றுப் பக்கத்தையும், 'ஸ்கோபி' என்பது கருவி கொண்டு பார்ப்பதையும் குறிக்கும். ஓராண்டாக வீட்டில் ஒரு மந்திரம்போல் கிடந்த வரி நான்கு நிமிடத்தில் அவிழ்ந்தது. அவர் பிரித்த துண்டுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்றும் தெரிந்தது: கிரேக்கர் பித்தத்தையும் பையையும் சேர்த்து ஒட்டியது போலவேதான் நாமும் 'பித்தப்பை' என்று ஒட்டியிருக்கிறோம். தையல் விழுந்த இடம்கூட ஒன்றுதான்.

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த முறை புதிதன்று. பகுதி, விகுதி, சாரியை என்று ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் சொற்களைக் கூறுபோட்டவளுக்கு, வகுப்பில் மற்றவர்கள் திணறிய இடங்கள் எளிதாகவே இருந்தன. எடுத்துக்காட்டாக, வேரையும் விகுதியையும் இணைக்க இடையில் வரும் 'ஓ' என்ற உயிரொலி, வருவது மெய்யொலியில் தொடங்கினால் நிற்கும்; உயிரொலியில் தொடங்கினால் மறையும். வயிற்றைக் குறிக்கும் 'காஸ்ட்ர்' என்ற வேர் 'ஸ்கோபி'யோடு சேரும்போது 'காஸ்ட்ரோஸ்கோபி' ஆகிறது. அழற்சியைக் குறிக்கும் 'ஐடிஸ்' வந்தால் 'காஸ்ட்ரைடிஸ்' ஆகிறது. உயிர் வந்தால் மெய்யை விட்டு ஓடிவிடும் நம் குற்றியலுகரத்தின் ஞாபகம் எனக்கு வந்தது. ஆனால் 'காஸ்ட்ரோஎன்டரைடிஸ்' என்ற சொல்லில் அடுத்து உயிர் வந்தும் 'ஓ' ஏன் நிற்கிறது என்று கேட்டேன். இரண்டு வேர்களுக்கு நடுவில் வரும்போது அது மறைவதில்லை, வேருக்கும் விகுதிக்கும் நடுவில் மட்டுமே மறையும் என்று தயங்காமல் விடை சொன்னார். இவருக்குப் பாடம் தெரியும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் ஏற்பட்டது.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள் முழுவதும் இரட்டை வேர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. வகுப்பின் முதுகெலும்பு இதுவே. ஓர் உறுப்புக்கு மருத்துவ மொழியில் ஏன் இரண்டு பெயர்கள் இருக்கின்றன என்ற கேள்வி, செவிலியர் பயிற்சியில் நுழையும் பிள்ளைகளை முதல் மாதத்திலேயே அடித்துப் போட்டுவிடுகிறது. சிறுநீரக மருத்துவப் பிரிவின் பெயர் 'நெஃப்ராலஜி'. அந்தச் சிறுநீரகத்துக்குள் நுழையும் தமனியின் பெயரோ 'ரீனல்'. முன்னது கிரேக்க 'நெஃப்ரோஸ்', பின்னது இலத்தீன் 'ரேன்'. நுரையீரலுக்கு 'நியூமோன்', 'புல்மோ'. மூளைக்கு 'என்கெஃபலோஸ்', 'செரிப்ரம்'. சிறுநீர்ப்பைக்கு 'கிஸ்டிஸ்', 'வெசிகா'. தோலுக்கு 'டெர்மா', 'கூட்டிஸ்'. கண்ணுக்கு 'ஆஃப்தல்மோஸ்', 'ஓகுலுஸ்'. உறுப்பின் அமைப்பையும் இடத்தையும் சொல்லும்போது பெரும்பாலும் இலத்தீன் வரும், நோயையும் அறுவையையும் சொல்லும்போது பெரும்பாலும் கிரேக்கம் வரும் என்று ஆசிரியை ஒரு நடைமுறை விதி சொன்னார். இதற்கு அவர் கொடுத்த வரலாறு சுருக்கமானது, ஆனால் போதுமானது. மருத்துவத்தை நூலாக எழுதி வைத்தவர்கள் ஹிப்போக்ரட்டீஸ் காலம் முதற்கொண்டு கிரேக்கர்கள். உரோமில் வாழ்ந்து நூல்கள் எழுதிய காலேனும் எழுதியது கிரேக்கத்தில்தான். பிற்காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் எழுதியது இலத்தீனில். வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட உடற்கூற்று நூல் அந்த மரபின் பெரிய மைல்கல். ஒரே பகுதிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பிப்போன நிலையில், 1895இல் பாசல் நகரில் கூடிய உடற்கூற்றியலார் ஏறத்தாழ 5,000 இலத்தீன் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை விலக்கினர்.

விதியைச் சொன்னவர் விதிவிலக்கையும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கல்லீரலுக்குப் போகும் தமனி இலத்தீன் பெயர் தாங்கியிருக்க வேண்டும், ஆனால் அது 'ஹெபாட்டிக்' என்று கிரேக்க 'ஹேபார்' வேரிலேயே நிற்கிறது. இலத்தீனில் கல்லீரலுக்கு இருந்த 'யேகுர்' என்ற சொல்லை மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். மக்களும் கைவிட்டார்கள், அதுதான் சுவையான கதை. உரோமர்கள் வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்து அதன் ஈரலைச் சமைத்தார்கள். 'அத்தி ஊட்டிய ஈரல்' என்ற சமையற்காரத் தொடரில் ஈரல் என்ற சொல் உதிர்ந்து, 'அத்தி ஊட்டிய' என்ற அடைமொழி மட்டும் எஞ்சி, அதுவே பிரெஞ்சில் 'ஃபுவா' என்று திரிந்து, நம் கிரியோலில் 'லெஃபுவா' ஆகியிருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு என்று மருத்துவர் சொல்லி வீடு திரும்புகிற நம் அண்டை வீட்டார் அனைவரும், தெரியாமலே, அத்திப்பழத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிப் பிரெஞ்சையும் கிரியோலையும் பாடத்துக்குள் இழுத்துக்கொள்வதுதான் இந்த ஆசிரியையின் தனித் திறமை. வேறு நாட்டில் அச்சான நூலைப் படித்தால் இது கிடைக்காது. 'ரேன்' என்ற இலத்தீன் வேர் மனத்தில் தங்குவதற்கு அவர் எடுத்தது சேகா நடனத்தை. பிரெஞ்சில் சிறுநீரகங்களைக் குறிக்கும் பன்மைச் சொல்லே கீழ்முதுகுக்கும் பெயராக வழங்குகிறது. கிரியோலில் அது 'லெரேன்' என்று ஒரே சொல்லாகி இடுப்பைக் குறிக்கிறது. சேகா பாட்டில் 'லெரேனை ஆட்டு' என்று பாடுகிறவர்கள் சிறுநீரகத்தை ஆட்டச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனையில் ஒரு மூதாட்டி தம் 'லெரேன்' வலிக்கிறது என்று சொன்னால், அவர் முதுகைச் சொல்கிறாரா, சிறுநீரகத்தைச் சொல்கிறாரா என்று செவிலியர் கை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார். அது சொற்பாடமாகத் தொடங்கி நோயாளியைக் கவனிக்கும் பாடமாக முடிந்தது. என் அக்காள் மகள் அந்த வாரம் எழுதிய குறிப்பில் அடிக்கோடிட்டிருந்த ஒரே வரி அதுதான்.

ஐந்தாம் வாரம் குடலுக்குரியது. 10 வாரங்களில் ஒன்றை மட்டும் மறுபடி கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடலின் பெயர் 'டியோடினம்'. அது 'பன்னிரண்டு' என்ற இலத்தீன் எண்ணுப்பெயரிலிருந்து வந்தது. கிறித்துவுக்கு முன் 300ஆம் ஆண்டையொட்டி அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோஃபிலஸ், அந்தக் குடலின் நீளம் 12 விரற்கிடை என்று கண்டு கிரேக்கத்தில் அப்படியே பெயரிட்டார். இலத்தீன் அதை மொழிபெயர்த்துக்கொண்டது. ஆசிரியை எங்களை மேசைமேல் விரல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கச் சொல்லி, நடுவில் ஓர் அளவுகோலை வைத்தார். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். இன்றைய உடற்கூற்று நூல்கள் தரும் அளவும் அதுவே. விரற்கிடை, சாண், முழம் என்று அளந்து பழகிய நமக்கு இந்தப் பெயர் அன்னியமாகப் படவில்லை.

அதற்கடுத்த பகுதி 'ஜெஜுனம்'. இலத்தீனில் இதற்கு 'நோன்பிருப்பது' என்று பொருள். இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தபோது அந்தப் பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்ததால் வந்த பெயர். இதை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று ஒரு பையன் கேட்டான். இரத்தப் பரிசோதனைக்கு எப்படி வரச் சொல்வார்கள் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். 'ஆ ழேன்' என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. வெறும் வயிற்றோடு என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சுத் தொடரும் அதே நோன்பு வேரிலிருந்து வந்ததுதான். நண்பகல் உணவுக்கு நாம் சொல்லும் 'தேழெனே' என்பதற்கும் முதற்பொருள் நோன்பு முறித்தல். காவடிக்கு நோன்பிருக்கும் எங்கள் வீடுகளில் இனி இந்தச் சொல்லை ஒருவரும் மறக்க வழியில்லை.

பெருங்குடல் தொடங்கும் இடமான 'சீக்கம்' என்பதற்கு இலத்தீனில் குருடு என்று பொருள். ஒரு பக்கம் வழியில்லாத முட்டுச் சந்து. கடைசியில் உள்ள 'ரெக்டம்' என்றால் நேரானது. மனிதருக்கு அது நேராக இல்லையே, வளைந்தல்லவா இருக்கிறது என்று படத்தைப் பார்த்த ஒருவர் கேட்டார். காலேன் போன்றோர் அறுத்துப் பார்த்தது விலங்குகளை, அவற்றில் அது நேராக இருந்தது, பெயர் நிலைத்துவிட்டது என்று விளக்கினார். உறுப்பின் பெயர் உறுப்பைப் பற்றிய சான்று அன்று, பெயரிட்டவர் கண்டதைப் பற்றிய சான்று மட்டுமே. இந்த எச்சரிக்கையை அன்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன ஆசிரியை, பின்னால் வந்த வாரங்களில் அதைத் தாமே மறந்துவிட்டார் என்பதுதான் என் முதல் மனக்குறை.

குறைக்குப் போகுமுன் ஆறாம் வாரத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அன்று கணையம். 'பான்' என்றால் எல்லாம், 'கிரேயாஸ்' என்றால் இறைச்சி. எலும்போ குருத்தெலும்போ இன்றி முழுவதும் சதையாக இருந்ததால் 'பாங்க்ரியாஸ்'. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற செர்மானியர் அதை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சதைப் பரப்பின் இடையே தனித்தனித் திட்டுகளாக வேறுவகை உயிரணுக்கள் இருப்பதைக் கண்டார். பிற்காலத்தார் அவற்றைத் தீவுகள் என்று அழைத்தனர். அந்தத் தீவுகளில் சுரக்கும் பொருளுக்குத் தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து 'இன்சுலின்' என்று பெயர் வந்தது. 1921இல் டொரான்டோவில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 'இல் மொரீஸ்' என்று நம் நாட்டின் பெயரில் முன்னால் நிற்கும் 'இல்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் தாய் அதே 'இன்சுலா'தான். சர்க்கரை நோய் இவ்வளவு மலிந்த தீவில், காலையில் எழுந்ததும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும் எத்தனை பேருக்கு அந்தக் குப்பியின் பெயரில் தீவு ஒன்று இருப்பது தெரியும்? வகுப்பில் 14 பேர் இருந்தோம். அவர்களில் இருவர் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள். அவர்களுக்கும் தெரியாது.

ஏழாம் வாரம் முதல் சரிவு. பாடப்புத்தகத்தின் 23ஆம் பக்கத்தில் இதயத்துக்கான வேர்கள் தரப்பட்டுள்ளன. கிரேக்கம் 'கார்டியா', இலத்தீன் 'கோர்'. இதுவரை சரி. அதன் கீழே 'கோர்' வேரிலிருந்து பிறந்த சொற்கள் என்ற தலைப்பில் முதல் சொல்லாகக் 'கொரோனரி' அச்சாகியிருக்கிறது. இது பிழை. இதயத்துக்கு இரத்தம் தரும் தமனிகளுக்கு அந்தப் பெயர் வந்தது, அவை இதயத்தின் மேற்பகுதியை ஒரு முடிபோலச் சுற்றி நிற்பதால். அதன் வேர் மணிமுடியையும் மாலையையும் குறிக்கும் 'கொரோனா'. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் இதயத்தோடு ஒட்டியிருக்கிறது, ஆகவே யாரும் எளிதில் ஏமாறக்கூடிய இடம்தான். ஆனால் வேர்ச்சொல் கற்பிக்கவென்றே அச்சிட்ட நூலில் இருக்கக் கூடாத இடம். அந்தக் கொரோனாவின் பெயரைத் தாங்கிய நோய்க்கிருமி உலகையே வீட்டுக்குள் பூட்டிவைத்த பிறகும் இந்தப் பக்கத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வியப்பு.

41ஆம் பக்கத்தில் இன்னொன்று. பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரான 'பெத்' என்பதன் கீழ் 'ஆர்த்தோபீடிக்' வைக்கப்பட்டிருக்கிறது. காந்தோசில் உள்ள இளவரசி மார்கரெட் எலும்பு மருத்துவ நிலையத்தின் பெயர்ப்பலகையில் பார்த்துப் பழகிய சொல் இது. கால் முறிந்தவர்கள் போகும் இடமாதலால் பாதம் என்று நினைப்பதும் இயல்பு. உண்மையில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரான, 'பைஸ்' என்றால் குழந்தை. குழந்தைகளின் கோணல்களைத் திருத்தும் கலை என்ற பொருளில் 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் ஆக்கிய சொல். குழந்தை மருத்துவத்துக்குரிய 'பீடியாட்ரிக்' என்ற சொல்லிலும் அதே குழந்தைதான் இருக்கிறது. அதைப் புத்தகம் சரியாகவே சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வேர் என்பதை விட்டுவிட்டது.

இந்த இரண்டையும் வகுப்பு முடிந்ததும் தனியே சென்று ஆசிரியையிடம் சொன்னேன். சபையில் சொல்லவில்லை, நானும் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். முதலாவதை உடனே ஏற்றுக்கொண்டார். இரண்டாவதை வீட்டில் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறினார், அடுத்த வாரம் ஏற்றுக்கொண்டார். ஆனால் வகுப்பில் மற்ற 13 பேருக்கும் அந்தத் திருத்தத்தை அவர் அறிவிக்கவே இல்லை. பிழை எவருக்கும் வரும், திருத்தத்தைச் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களில் 9 பேர் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள்.

கடைசி 4 வாரங்களில் வேகம் கூடிப் பொருள் குறைந்தது. பத்தாம் வாரத்துக்குள் 120 அட்டைகளையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அட்டையைக் காட்டுவதும் எல்லாரும் சேர்ந்து கத்துவதுமாகவே பாடம் போனது. மயங்க வைக்கும் இணைகளுக்கு இந்த முறை சற்றும் உதவாது. தசைக்கு 'மையோ', எலும்பு மச்சைக்கும் தண்டுவடத்துக்கும் 'மையலோ'; சிறுகுடலின் கடைப்பகுதி 'இலியம்', இடுப்பெலும்பும் 'இலியம்', எழுத்தில் ஒரே ஓர் உயிர்தான் வேறு; வெட்டித் திறப்பது 'ஆட்டமி', திறந்த வாய் ஒன்றை அமைத்து வைப்பது 'ஆஸ்டமி', வெட்டி எடுத்துவிடுவது 'எக்டமி'. இவற்றை மாற்றிப் படித்தால் என்ன நேரும் என்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அவரோ மூன்று அட்டைகளை அடுத்தடுத்துக் காட்டிவிட்டு அடுத்த உறுப்புக்குப் போய்விட்டார். வாயைக் குறிக்கும் 'ஸ்டோமா' என்ற கிரேக்கச் சொல்லே 'ஆஸ்டமி'யில் இருக்கிறது என்றோ, வயிற்றுக்குப் பெயரான 'ஸ்டோமக்' என்பதும் முதலில் தொண்டைக் குழாயைக் குறித்துப் பின்னர்தான் வயிற்றுக்கு இறங்கி வந்தது என்றோ சொல்லியிருந்தால், மூன்று நிமிடத்தில் அந்த வேறுபாடு பதிந்திருக்கும். முதல் 6 வாரங்களில் இருந்த அதே ஆசிரியை இதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

வேரின் பொருளையே சொல்லின் பொருளாக அட்டைகள் அச்சிட்டிருப்பது இன்னொரு குறை. 'ஆர்டரி' என்ற அட்டையின் பின்புறம் 'காற்றுக் குழாய்' என்று மட்டும் இருக்கிறது. இறந்தவர் உடலில் தமனிகள் வெறுமையாகக் கிடந்ததால் அவற்றில் காற்று ஓடுவதாகப் பழங்காலத்தார் எண்ணியதும், மூச்சுக்குழாய்க்கும் அதே பெயரைச் 'சொரசொரப்பான' என்று பொருள்படும் 'டிரேக்கியா' என்ற அடைமொழியோடு வழங்கியதும், தமனியில் ஓடுவது இரத்தம் என்று காலேன் காட்டியதும் அந்த அட்டையில் இல்லை. 'ஹிஸ்டெரா' என்ற கருப்பைச் சொல்லிலிருந்து 'ஹிஸ்டீரியா' வந்த கதையும் அப்படியே. பெண்ணின் மனக்கொந்தளிப்புக்குக் கருப்பையே காரணம் என்ற பழைய நம்பிக்கை தவறானது என்று ஒரு வரியாவது சேர்க்காமல் 19 வயதுப் பிள்ளைகள் கையில் அந்த அட்டையைக் கொடுப்பது சரியன்று.

தமிழ் இந்த வகுப்பில் இடம்பெறாதது குறையாகாது; அப்படி அவர் விளம்பரம் செய்யவும் இல்லை. இருந்தாலும் குறிப்பேட்டின் ஓரத்தில் நான் எழுதிக்கொண்டே வந்தவற்றைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனெனில் தமிழ் தெரிந்தவர் இந்த வகுப்பில் சேர்ந்தால் பெறும் கூடுதல் ஆதாயம் இதுதான். கண்ணின் நடுவிலுள்ள கருவட்டத்துக்கு இலத்தீனில் 'புபில்லா', அதாவது சிறு பொம்மை. கிரேக்கத்தில் 'கோரே', அதற்கும் சிறுமி, பொம்மை என்றே பொருள். எதிரே நிற்பவரின் உருவம் அங்கே குட்டியாகத் தெரிவதால் வந்த பெயர்கள். திருவள்ளுவர் 'கருமணியிற் பாவாய்' என்று அழைக்கும் பாவையும் அதே பொம்மைதான். தசைக்கு இலத்தீனில் 'முஸ்குலுஸ்', சுண்டெலி. தோலுக்கடியில் ஓடுவது எலியாக அவர்களுக்குப் பட்டது. நமக்குக் கெண்டைமீனாகப் பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் கெண்டைக்கால் ஏது? பித்தத்தின் 'கோலே'யிலிருந்து, கரும்பித்தம் மிகுந்தால் வருவதாகக் கருதிய சோர்வுக்கு 'மெலங்கோலி' என்று கிரேக்கர் பெயரிட்டனர். நாம் பித்தம் தலைக்கேறினால் பித்து என்கிறோம். 'தைராய்டு' என்பதில் கிரேக்கக் கேடயம் இருக்கிறது. அதை அறிந்தே தமிழில் கேடயச் சுரப்பி என்று ஆக்கினார்கள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று ஒரே ஈரலில் மூன்று உறுப்புகளைக் கோத்த அழகுக்கு இணையாகக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இதயம் மட்டும் நாம் வடமொழியிலிருந்து வாங்கியது. அந்த 'ஹ்ருதய'மும் 'கார்டியா'வும் 'கோர்'உம் தொலைதூர உறவினர் என்று மொழியியலார் கொள்வதால், நம் இதயத்திலும் அந்தக் குடும்பத்தின் சொல்லே துடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருக்கு இந்த ஒப்புமைகள் எவ்வளவு கை கொடுத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இனி நடைமுறைச் செய்திகள். அறையில் காற்றோட்டம் போதாது. சன்னலைத் திறந்தால் சாலை இரைச்சல் உள்ளே வரும், மூடினால் வெக்கை. தொடங்கும் நேரம் 9 மணி என்றால் 9 மணிதான்; இந்த ஒழுங்கை மனமாரப் பாராட்டுகிறேன். இடைவேளையில் தேநீர் தருகிறார்கள். பசிக்கு எதிர்ப்பக்கம் தால் பூரி வண்டி நிற்கிறது. பாடப்புத்தகத்தின் தாள் நல்ல தடிமன், படங்களோ நகலெடுத்ததை மறுபடி நகலெடுத்ததுபோல் மங்கலானவை. குடலின் எந்தப் பகுதி எங்கே முடிகிறது என்று அவற்றைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அட்டைகள் உறுதியானவை, பெட்டியோ இரண்டாம் மாதமே பிரிந்துவிட்டது. ஒரு வாரம் வர இயலாமற்போனால் அந்தப் பாடத்தை வேறு நாளில் ஈடுசெய்ய வழியில்லை, பணமும் திரும்பாது. இதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

செவிலியர் பயிற்சிக்கோ மருந்தகப் பணிக்கோ ஆயத்தமாகிறவர்களுக்கும், என்னைப்போல் வீட்டுக்கு வரும் மருத்துவக் கடிதங்களைத் தாமே படிக்க விரும்புகிறவர்களுக்கும் இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். உடற்கூறு கற்றுக்கொள்ளலாம் என்று எண்ணிச் சேர்கிறவர்கள் ஏமாறுவார்கள். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். திருத்தத்தை வகுப்பில் அறிவித்திருந்தால் நான்கு தந்திருப்பேன்.

இரண்டாம் நிலை வகுப்பு அடுத்த பருவத்தில் தொடங்குகிறது. அதில் பரிசோதனை அறிக்கைகளின் சொற்கள் வருமாம். கட்டணம் 7,500 ரூபாய். அக்காள் மகளுக்குக் கட்டிவிட்டேன், எனக்குக் கட்டவில்லை. கட்டிய அன்று முதல்நிலைப் பாடப்புத்தகத்தின் புதிய அச்சு மேசைமேல் அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். 41ஆம் பக்கத்தில் குழந்தை தன் இடத்துக்கு வந்துவிட்டது. 23ஆம் பக்கத்தில் 'கொரோனரி' இன்னும் 'கோர்' கீழேயே இருக்கிறது.